கவர்னர் காகர்லாவுக்கு ஏன் ஞானபீடம்? கிரீஷ் கர்னாடின் மேடையும் திரையும்

‘காதலன்’ (1994) படத்தில் தன் மகளைக் காதலித்த பையனைப் படாதபாடு படுத்தும் கவர்னர் காகர்லாவை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வேடத்தில் நடித்தவர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ‘துக்ளக்’ என்ற நாடகத்தை எழுதியவர். 1998இல் ஞானபீட விருது பெற்றவர். 2019 ஜூன் 10 அன்று பெங்களூருவில் காலமான கிரீஷ் கர்னாட்.

அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தமிழ் வாசகர்களிடம் மூன்று குழப்பங்கள் எழுகின்றன.

1. இவ்வளவு பெரிய எழுத்தாளர் ஏன் வணிகப் படங்களில் வில்லனாகவும் நாயகியின் அப்பாவாகவும் நடித்துக்கொண்டிருந்தார்?
2. ‘துக்ளக்’ சோ எழுதியது இல்லையா?
3. இவர் திரைப்பட இயக்குநரும்கூட. அப்படியானால் தன் புகழ்பெற்ற நாடகங்களை ஏன் தானே படமாக எடுக்கவில்லை?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்கு விடை தெரிந்தால் முதலாவதற்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நாடகமும் திரைக்கதையும்: அடிப்படை வேறுபாடு

திரைக்கதை ஒரு முறைதான் படமாகிறது. எழுதியவர் அதைத் தயாரிப்பாளரிடம் விற்றுவிடுகிறார். படம் வெளிவந்தபின் அந்தக் காகிதங்களுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. நாடகம் அப்படியல்ல. பிரதி எழுதியவருடையதாகவே இருக்கும். எந்தக் குழு போட்டாலும் அவரிடம் அனுமதி வாங்கி, காட்சிக்கு இவ்வளவு என்று ராயல்டி தர வேண்டும். ஒரே பிரதியைப் பத்து இயக்குநர்கள் பத்து விதமாகப் போடலாம். ஆனால் நம் நாட்டில் நவீன நாடகம் போடுபவர்கள் பெரும்பாலும் சொந்தக் காசைச் செலவழித்து ஆடும் குழுவினர். அவர்கள் தரும் ராயல்டியில் வீட்டு வாடகைகூடக் கொடுக்க முடியாது.

தமிழில் இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. நாடக ஆசிரியரே குழுவை நடத்துவார், சபாக்களில் போடுவார், நாடகம் ஓடினால் கோடம்பாக்கம் வாங்கிக்கொள்ளும். கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர் நீச்சல்’ எல்லாம் அப்படித்தான் மேடையிலிருந்து திரைக்கு வந்தன. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தையும் 1981இல் பாலசந்தரே படமாக்கினார். இந்த வழக்கம் பழகிப்போனதால், நாடகக்காரர் சினிமாவுக்குப் போனார் என்றாலே நாடகத்தைப் படமாக்கினார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கர்னாட் இந்த வழியில் போகவில்லை. அவருக்கென்று ஒரு நாடகக் குழு கிடையாது. எழுதுவார், பதிப்பகத்தில் கொடுப்பார், யாராவது எடுத்துப் போடுவார்கள். சினிமாவுக்கு வந்தபோது தன் நாடகங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

கன்னடம் அவரைத் தேடிவந்த விதம்

1938 மே 19 அன்று மாதேரானில் பிறந்தவர். வீட்டு மொழி கொங்கணி. தொடக்கப் படிப்பு மராத்தியில். சிறுவயதில் சிர்சியில் வளர்ந்தபோது கம்பெனி நாடகங்களையும் யக்ஷகானத்தையும் பார்த்தார். கம்பெனி நாடகம் நமக்குத் தெரிந்ததுதான்: வரைந்த திரைச்சீலைகள், பாட்டு, ஊர் ஊராகப் போகும் குழு. யக்ஷகானம் கன்னடக் கடலோரத்தில் இரவு முழுக்க நடக்கும் கூத்து. பாகவதர் பாடிக் கதை நடத்துவார், வேடக்காரர்கள் ஆடுவார்கள்.

தார்வாடில் கணிதமும் புள்ளியியலும் படித்தார். அவருடைய கனவு ஆங்கிலக் கவிஞராவது. ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பவிருந்த நேரத்தில், எதிர்பாராமல் ஒரு நாடகம் எழுதினார், அதுவும் கன்னடத்தில். அதுதான் ‘யயாதி’. 1961இல் தார்வாடின் மனோகர கிரந்தமாலா வெளியிட்டது.

யயாதி கதை மகாபாரதத்தில் உள்ளது. முதுமைச் சாபம் பெற்ற அரசன், அதை ஏற்றுக்கொள்ளும்படி மகன்களிடம் கேட்கிறான். கடைசி மகன் புரு ஒப்புக்கொள்கிறான். கர்னாட் இதில் ஓர் ஆளைச் சேர்த்தார்: புருவின் புது மனைவி சித்ரலேகா. அப்பாவும் பிள்ளையும் தியாகம் பேசிக்கொண்டிருக்க, ஒரே இரவில் கிழவனாகிப்போன கணவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அவள் கேட்கிறாள். பதில் சொல்ல யாருமில்லை. விஷம் குடித்துச் சாகிறாள். வெளிநாடு போவதைப் பற்றி வீட்டில் நடந்த இழுபறிதான் தன் கைவழியே புராணமாக வந்திருக்கிறது என்பதைப் பின்னால்தான் கவனித்ததாகக் கர்னாட் எழுதியிருக்கிறார். பழங்கதைக்குள் இன்றைய சண்டையைக் கொண்டுவந்து வைப்பது என்ற அவருடைய வழி இங்கேதான் தொடங்குகிறது.

மெட்ராஸில் ஏழு ஆண்டுகள்

இங்கிலாந்தில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற புகழ்பெற்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவராகவும் இருந்துவிட்டு, 1963இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனிவர்சிட்டி பிரஸ்ஸின் மெட்ராஸ் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார். 1970 வரை இங்கேதான். தமிழில் இது அதிகம் பேசப்படாத பகுதி. ஆனால் அவருடைய மேடையும் திரையும் இரண்டும் உருவானது இந்த ஊரில்தான்.

பகலில் பதிப்பக வேலை, மாலையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் என்ற ஆங்கில நாடகக் குழு. வங்காள நாடக ஆசிரியர் பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான். அந்தக் குழுவைச் சேர்ந்த சினேகலதா ரெட்டியும் அவர் கணவர் பட்டாபிராம ரெட்டியும் நண்பர்கள். யு.ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ நாவலைப் படமாக எடுக்கலாம் என்ற பேச்சு இந்த வட்டத்தில்தான் கனிந்தது.

எந்த துக்ளக்?

முதலில் ஆண்டுக்கணக்கு. கர்னாடின் கன்னட நாடகம் ‘துக்ளக்’ 1964இல் வந்தது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் மேடையேறியது, 1971இல் படமானது. இடையில் 1970 ஜனவரியில் அவருடைய ‘துக்ளக்’ பத்திரிகை தொடங்கியது. சுல்தான் ஒருவர், நாடகங்கள் இரண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. சோவுடையது அரசியல் நையாண்டி. 14ஆம் நூற்றாண்டு சுல்தான் உயிரோடு கிடைத்தால் நம் ஜனநாயகம் அவரை எங்கே கொண்டுபோய் உட்காரவைக்கும் என்ற கேலி. கர்னாடுடையது சுல்தானின் காலத்திலேயே நடக்கும் ஒரு வீழ்ச்சிக் கதை.

டெல்லி அரியணையில் அமர்ந்தவர்களிலேயே மிகவும் படித்தவர், மிகவும் இலட்சியவாதி, அதே நேரம் மிகப் பெரிய தோல்வியாளர். இந்த முரண்தான் கர்னாடைப் பிடித்து இழுத்தது. அறுபதுகளின் வாசகர்கள் அதில் நேரு காலத்து நம்பிக்கையும் அது வற்றிப்போன விதமும் தெரிவதாகச் சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை.

நாடகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, முதல் காட்சியே போதும். தன் நிலத்தை அதிகாரிகள் பறித்துக்கொண்டதாகச் சுல்தான் மீதே ஒரு பிராமணர் வழக்குப் போட்டிருக்கிறார். நீதிபதியான காஜி, பிராமணர் பக்கம் தீர்ப்பளிக்கிறார். சுல்தான் கூட்டத்தின் முன் நின்று அதை ஏற்கிறார்: 500 வெள்ளித் தினார் இழப்பீடு, கூடவே அரசு வேலை. மதம் பார்க்காத நீதி! கூட்டம் கலைகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அந்த ‘பிராமணர்’ அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி. புதுச் சட்டத்தில் இந்துவாக வந்தால் வழக்கு ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டு வந்த எத்தன். சுல்தானின் ஒவ்வொரு நல்ல திட்டத்துக்கும் பின்னால் அஜீஸ் நிற்கிறான். தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றும்போது வழியில் வதைபடும் மக்களிடம் லஞ்சம் பறிக்கிறான். மடியில் நோயுற்ற குழந்தையுடன் வைத்தியரிடம் போக வேண்டும் என்று கெஞ்சும் தாயிடமும் கேட்கிறான். செப்பு நாணயம் வந்ததும் கள்ள நாணயம் அடிக்கிறான். கடைசியில் கலீபா வம்சத்தவரைக் கொன்று, அவர் வேடத்திலேயே அரண்மனைக்குள் வருகிறான். சுல்தானுக்கு உண்மை தெரிந்ததும் அவனுக்குக் கிடைப்பது தண்டனை அல்ல, தக்காணத்தில் ஒரு பதவி. தன்னை உண்மையிலேயே புரிந்துகொண்ட ஒரே குடிமகன் இவன்தான் என்று சுல்தானுக்குத் தோன்றிவிடுகிறது.

இதன் மேடை உத்தி சுவையானது. கம்பெனி நாடகத்தில் இரண்டு வகைக் காட்சிகள் மாறிமாறி வரும். ஒன்று, அரண்மனை மாதிரியான பெரிய காட்சி, முழு மேடையிலும் நடக்கும். மற்றது, பின்னால் அடுத்த அரண்மனையை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தைச் சமாளிக்க, முன்திரைக்கு வெளியே நடக்கும் தெருக்காட்சி. கோமாளிகளுக்கு இடம் அந்தக் குறுகிய முன்பகுதிதான். ‘துக்ளக்’கின் காட்சி அமைப்பும் இதுதான்: அரண்மனைக்குச் சுல்தான், தெருவுக்கு அஜீஸும் அவன் கூட்டாளி ஆஜமும். ஆனால் நாடகம் நகர நகர இந்த ஒழுங்கு உடைகிறது. தெருக்காட்சிக்காரன் பின்மேடைக்கே வந்து சுல்தானுக்கு எதிரே நிற்கிறான். ஆட்சியின் சீரழிவை மேடையின் இடப் பங்கீட்டாலேயே காட்டிவிட்டார் மனிதர். அதற்குத் தனியாக ஒரு வசனம் தேவைப்படவில்லை.

சினிமாவில் இது நடக்காது. கேமராவுக்கு முன்மேடை, பின்மேடை என்ற பாகுபாடே கிடையாது. ஒரு வெட்டில் தெருவிலிருந்து அரண்மனைக்குப் போய்விடும். படமாக்கினால் கதை தங்கும், இந்த உத்தி போய்விடும். மூன்றாவது கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது.

தலை மாறினால் யார் கணவன்?

‘ஹயவதனா’ (1971) இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கேட்கும் கேள்வி நினைவிருக்கும்: இரண்டு ஆண்களின் தலைகள் உடல் மாறி ஒட்டப்பட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் கணவன்? விக்கிரமாதித்தன் சட்டென்று, தலைதான் பிரதானம், தலை யாருடையதோ அவனே கணவன் என்று சொல்லிவிடுவான். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் இதை ஒரு குறுநாவலாக நீட்டினார். கர்னாட் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்.

அறிவாளி தேவதத்தன், உடல்வலிமையுள்ள கபிலன், இருவருக்கும் இடையில் பத்மினி. காளி கோயிலில் இருவரும் தலையை வெட்டிக்கொள்ள, பத்மினி அவசரத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள். அவளுக்கு ஒரே ஆளில் இரண்டும் கிடைத்துவிட்டது: தேவதத்தனின் மூளை, கபிலனின் தோள். கொஞ்ச நாள்தான். தேவதத்தனின் தலை உடலை வேலை செய்யவிடாமல் மென்மையாக்கிவிடுகிறது. காட்டுக்குப் போன கபிலனின் தலை, தனக்கு வந்த மெல்லிய உடலை உழைத்து உழைத்து முறுக்கேற்றுகிறது. விக்கிரமாதித்தன் சொன்ன பதில் சரிதான், ஆனால் அந்தப் பதிலால் யாருக்கும் நிம்மதி இல்லை. இதற்கு வெளியே ஒரு துணைக்கதை: குதிரைத் தலையுடன் பிறந்த ஹயவதனன் முழு மனிதனாக வேண்டுகிறான், முழுக் குதிரையாகிவிடுகிறான்.

மேடையில் தலைமாற்றம் எப்படி நடக்கும்? முகமூடியை மாற்றினால் முடிந்தது. யக்ஷகானத்துப் பாகவதர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார், இருவர் பிடிக்கும் அரைத்திரைக்குப் பின்னாலிருந்து பாத்திரங்கள் வருகின்றன, பொம்மைகள் பேசுகின்றன. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தே நடக்கும் விளையாட்டு. இதையே திரையில் காட்ட வேண்டுமானால் தந்திரக் காட்சி எடுக்க வேண்டும். உடனே பார்வையாளர் கவனம், அது நம்பும்படி இருக்கிறதா என்பதில் போய்விடும். நம்பச் சொல்லாமலே நம்பவைப்பதுதான் இந்த நாடகத்தின் பலம். 1972 டிசம்பரில் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் மெட்ராஸ் பிளேயர்ஸ் இதை ஆங்கிலத்தில் போட்டார்கள். அந்த ஆங்கில வடிவமும் கர்னாடுடையதே. கன்னடத்தில் எழுதிய நாடகங்களைத் தானே ஆங்கிலமாக்குவதை அவர் வழக்கமாகவே வைத்திருந்தார். நாடு முழுக்க அவர் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம். ‘துக்ளக்’கின் ஆங்கில வடிவமும், 1970இல் பம்பாயில் அலிக் பதம்சீ அதை மேடையேற்றுவதற்காக எழுதியதுதான்.

திரையில் அவர் செய்த நான்கு வேலைகள்

1. நடிகராகவும் திரைக்கதையாளராகவும் தொடக்கம். ‘சம்ஸ்காரா’ (1970) பட்டாபிராம ரெட்டி இயக்கியது. அக்ரகாரத்தில் ஆசாரத்தை மீறி வாழ்ந்த ஒருவர் இறந்துவிடுகிறார். அவருக்கு யார் ஈமக்கடன் செய்வது என்பதே கேள்வி. விடை தேடும் பண்டிதர் பிராணேசாச்சாரியாக கர்னாட் நடித்தார், திரைக்கதையும் எழுதினார். மெட்ராஸ் தணிக்கை வாரியம் படத்துக்குத் தடை போட்டது. பிறகு தடை நீங்கி, அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வாங்கியது. கன்னடத்தில் புதிய அலை என்று பேசப்படும் படங்களுக்கு இதுவே வாசல்.

2. இயக்குநராக. பி.வி. காரந்துடன் சேர்ந்து ‘வம்ச விருட்சம்’ (1971). இருவருக்கும் சிறந்த இயக்குநர் தேசிய விருது. தனியாக ‘காடு’ (1973), ‘ஒந்தானொந்து காலதல்லி’ (1978), இந்தியில் ‘உத்ஸவ்’ (1984), ‘செலுவி’ (1992), ‘கானூரு ஹெக்கடிதி’ (1999). இந்தப் பட்டியலை எழுத்தாளர் பெயரோடு பாருங்கள். ‘வம்ச விருட்சம்’ எஸ்.எல். பைரப்பாவின் நாவல். ‘காடு’ ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியுடையது. ‘கானூரு’ குவெம்பு. ‘உத்ஸவ்’ சூத்ரகரின் ‘மிருச்சகடிக’ சம்ஸ்கிருத நாடகம். ‘செலுவி’ நாட்டார் கதை. அவருடைய நாடகம் ஒன்றுகூட இல்லை.

3. பிறருக்குத் திரைக்கதை. ஷியாம் பெனகலின் ‘பூமிகா’வுக்கு பெனகல், சத்யதேவ் துபே ஆகியோருடன் சேர்ந்து எழுதி, திரைக்கதைக்கான தேசிய விருதைப் பகிர்ந்துகொண்டார். ‘கல்யுக்’ (1981) மகாபாரதத்தைப் பம்பாய்த் தொழிலதிபர் குடும்பங்களுக்குள் கொண்டுபோய் வைத்த படம். ‘யயாதி’ எழுதியவருக்கு அது பழகிய வேலைதான்.

4. சம்பளத்துக்கு நடிப்பு. இதுதான் நீண்ட பட்டியல், ஆனால் எல்லாமே வெறும் வயிற்றுப்பாடு அல்ல. ‘நிஷாந்த்’ (1975) படத்தில் மனைவியைக் கடத்திக்கொண்டு போவதைக் கையாலாகாமல் பார்க்கும் ஆசிரியர். ‘மந்தன்’ (1976) படத்தில் கிராமத்துக்கு வரும் கால்நடை மருத்துவர். குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம் அது. இரண்டுக்கும் திரைக்கதை விஜய் டெண்டுல்கர். இந்தியாவின் இரு பெரும் நாடக ஆசிரியர்களில் ஒருவர் எழுத, மற்றவர் நடித்திருக்கிறார். மேடையில் இது வாய்க்கவில்லை, சினிமாவில் வாய்த்தது.

இடையில் 1974-75இல் புனே திரைப்படக் கல்லூரியின் இயக்குநர். நடிப்பு மாணவர்களுக்கு மாணவர் படங்களில் வாய்ப்புத் தருவதில்லை என்று வேலைநிறுத்தம் நடந்தது. முன்னால் நின்றவர்களில் நசீருதீன் ஷா ஒருவர். ‘நிஷாந்த்’துக்கு நடிகர் தேடிய பெனகலிடம் அதே மாணவரின் பெயரைச் சொன்னவர் கர்னாட். நசீருதீனின் திரை வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது?

முதல் குழப்பத்துக்கு வருவோம். நாடகத்தில் வருமானம் இல்லை. அவர் இயக்கிய படங்களும் பெட்டியை நிரப்பும் ரகம் அல்ல. சஷி கபூர் தயாரித்து, ரேகா நடித்து, கண்ணுக்கு விருந்தாக வந்த ‘உத்ஸவ்’ கூடத் திரையரங்கில் விழுந்தது. (என்னைக் கேட்டால் அவருடைய படங்களிலேயே அதிகம் சிரிக்கவைப்பது அதுதான். அலங்காரம்தான் கொஞ்சம் கூடிப்போயிற்று.) ஆகவே பிழைப்பு நடிப்பிலிருந்து வந்தது. பணத்துக்காகத்தான் நடிக்கிறேன் என்பதை அவர் ஒளித்ததுமில்லை, அதற்கு வெட்கப்பட்டதுமில்லை.

தமிழில் ‘நான் அடிமை இல்லை’ (1986), ‘காதலன்’, ‘மின்சார கனவு’ (1997), ‘ரட்சகன்’ (1997), ‘ஹே ராம்’ (2000), ‘செல்லமே’ (2004), ‘முகமூடி’ (2012), ‘24’ (2016) என்று போகிறது. கஜோலுக்கு அப்பா, சுஷ்மிதா சென்னுக்கு அப்பா. இந்தியில் சல்மான் கானின் ‘ஏக் தா டைகர்’ (2012) படத்தில் உளவுத்துறைத் தலைவர். தொலைக்காட்சியில் ‘மால்குடி டேஸ்’ சுவாமியின் அப்பா. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ ஆங்கில ஒலிநூலுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான்.

இதன் விளைவு என்ன? நாடகம் ஓட வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு இல்லாமல் போனது. சில ஆண்டுகளுக்கு ஒன்று எழுதினால் போதும். சபாச் செயலாளரோ தயாரிப்பாளரோ என்ன சொல்வார் என்று யோசிக்க வேண்டாம். காகர்லாவின் சம்பளம் கர்னாடின் நாடகத்துக்குக் காவல் என்று சொல்லலாம். இதற்கு ஒரு விலையும் இருந்தது. சுமாரான படங்களில் சுமாரான வேடங்கள் நிறைய. எண்பதுகளுக்குப் பிறகு இயக்குநராக அவர் ‘காடு’, ‘ஒந்தானொந்து காலதல்லி’யின் வேகத்தை மறுபடி எட்டவில்லை. ‘கானூரு ஹெக்கடிதி’ பெரிய நாவலின் பாரம் தாங்காமல் தள்ளாடுகிறது.

இந்த ஏற்பாட்டின் பலன் ‘தலெதண்ட’ (1990). 12ஆம் நூற்றாண்டுக் கல்யாண் நகரில் சாதியை எதிர்த்த பக்திக் கவிஞர் பசவண்ணரின் இயக்கம், அங்கு நடந்த ஒரு சாதி மறுப்புத் திருமணம், அதைத் தொடர்ந்த படுகொலை. மண்டல் இடஒதுக்கீடு, அயோத்தி மந்திர் என்று நாடு கொதித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. 1994இல் சாகித்திய அகாதமி விருது. ‘காதலன்’ வந்த அதே ஆண்டு!

பிறர் படமாக்கியபோது

அவர் எடுக்கவில்லையே தவிர, மற்றவர்கள் எடுத்தார்கள். இரண்டு படங்களைப் பார்த்தால் அவர் ஏன் தயங்கினார் என்பது விளங்கும்.

‘நாகமண்டல’ (1988), சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே ஏ.கே. ராமானுஜனிடம் கேட்ட நாட்டுப்புறக் கதைகளிலிருந்து பிறந்த நாடகம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதியது. பகலில் கணவன் அப்பண்ணா ராணியை வீட்டில் பூட்டிவிட்டுப் போகிறான்; இரவில் ஒரு நாகம் அவன் உருவத்தில் வந்து அவளிடம் அன்பாகப் பேசுகிறது. இந்தக் கதையை வெளியே ஒரு சட்டகம் தாங்குகிறது: பார்வையாளர்களைத் தூங்கவைத்த பாவத்துக்காக, ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தால்தான் பிழைப்பான் என்று சபிக்கப்பட்ட நாடக ஆசிரியன், அணைக்கப்பட்ட விளக்குகளின் சுடர்கள் கோயிலில் கூடி அடிக்கும் அரட்டை, சேலை கட்டி வரும் ‘கதை’. 1997இல் டி.எஸ். நாகாபரணா பிரகாஷ்ராஜை வைத்து இதைக் கன்னடத்தில் படமாக்கினார். பிரகாஷ்ராஜ் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் நாடகத்தில் என்னைப் பிடித்து வைப்பது அந்தச் சட்டகத்தின் குறும்புதான். திரையில் ராணியின் கதை மேலெழ அது பின்னுக்குப் போய்விடுகிறது.

‘அக்னி மத்து மளெ’ நாடகம் அமெரிக்காவின் கத்ரி தியேட்டர் கேட்டு எழுதியது. மகாபாரதத்தின் யவக்ரீதன் கதை. 2002இல் அர்ஜுன் சஜ்னானி இதை இந்தியில் ‘அக்னி வர்ஷா’வாக எடுத்தார். இந்திரனாக அமிதாப், யவக்ரீதனாக நாகார்ஜுனா, பிரம்மராட்சசனாக பிரபுதேவா! மேடையில் ராட்சசன் வந்து பேசினால் கேட்டுக்கொள்கிறோம். படத்தில் ஒப்பனையையும் உடையையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திரையையே மேடைக்குக் கொண்டுவந்த நாடகம்

இந்த இரண்டு உலகங்களையும் அவர் நேருக்கு நேர் மோதவிட்டது ஒரே ஒரு முறை: ‘ஒடகலு பிம்ப’ (2005). கன்னடச் சிறுகதை எழுத்தாளர் மஞ்சுளா திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதி உலகப் புகழ் பெறுகிறாள். தொலைக்காட்சி நிலையத்தில் அறிமுக உரை பேசிவிட்டுக் கிளம்பும்போது, திரையில் இருக்கும் அவளுடைய பிம்பம் அணையாமல் அவளிடமே பேச ஆரம்பிக்கிறது. கேள்வி மேல் கேள்வி. கடைசியில் அந்த நாவல் இறந்துபோன, நடமாட முடியாத தங்கையுடையது என்பது வெளியே வருகிறது. மேடையில் நிற்பது ஒரே நடிகை. எதிரே அவளே முன்கூட்டிப் பதிவுசெய்த முகம். பதிவு நிற்காமல் ஓடுவதால், உயிரோடு நிற்பவள் அதன் நேரத்துக்குத் தன் மூச்சைக்கூட அடக்கிப் பேச வேண்டும். யார் யாரை ஆட்டிவைக்கிறார்கள் என்பது வசனத்திலும் இருக்கிறது, தொழில்நுட்பத்திலும் இருக்கிறது. இதையும் படமாக்க முடியாது. படமாக்கினால் இரண்டு முகமும் பதிவாகிவிடும், விளையாட்டு முடிந்துவிடும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

படிக்க என்றால் ‘துக்ளக்’, அதுவும் நீளமான முன்னுரைகளைத் தள்ளிவிட்டு நேராக முதல் காட்சி. பார்க்க என்றால் ‘சம்ஸ்காரா’வும் ‘மந்தன்’னும். மந்தன் புதுப்பிக்கப்பட்டு 2024இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ‘நாகமண்டல’வை எந்த ஊரில் எந்தக் குழு போட்டாலும் போய்ப் பாருங்கள், கல்லூரி மாணவர்கள் போட்டால்கூட. 1565 தலைக்கோட்டைப் போரைப் பற்றிய ‘ராக்ஷச தங்கடி’ (2018) கடைசி நாடகம். அது கொஞ்சம் பொறுமை கேட்கும், முதலில் வேண்டாம்.

வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள அவருடைய தன்வரலாறு ‘ஆடாட ஆயுஷ்ய’ (2011). ஆங்கில வடிவம் அவர் இறந்தபின் 2021இல் வந்தது. அதை முன்பக்கத்துக் காணிக்கையிலிருந்தே படிக்கத் தொடங்க வேண்டும். ஏற்கெனவே பிள்ளைகள் இருந்ததால், கர்னாடைக் கருவுற்றிருந்தபோது அவருடைய அம்மா கருக்கலைப்புக்காகப் புனேயில் ஒரு பெண் டாக்டரைப் பார்க்கப் போனார். டாக்டர் வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பெற்றோர் திரும்பிவிட்டார்கள். புத்தகம் அந்த டாக்டருக்குத்தான் காணிக்கை.